ரத்தத்தில் பாஸ்பரஸ் அளந்தவர் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தந்தது எப்படி? சென்னையில் படித்த சுப்பாராவின் கதை

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். பாஸ்பரஸ் என்று ஒரு வரி அதில் இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். பெரியவர்களுக்கு 100 மில்லி ரத்தச் சீரத்தில் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருந்தால் நார்மல். அவ்வளவுதான் நமக்கு அதோடு உள்ள உறவு.

ரத்தப் புற்றுநோய் வார்டில் கதை வேறு. புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு கீமோதெரபி தொடங்கிய முதல் சில நாட்களில், டாக்டர்கள் இந்த வரியை ஒரே நாளில் இரண்டு மூன்று முறைகூடப் பார்ப்பார்கள். மருந்து நன்றாக வேலை செய்தால் புற்றுசெல்கள் கூட்டம் கூட்டமாக உடையும். உள்ளே இருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம், யூரிக் அமிலமாக மாறும் கழிவு எல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும். பாஸ்பரஸ் ஏறினால் கால்சியம் இறங்கும், சிறுநீரகம் அடைபடும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். மருந்து ஜெயித்த அதே நேரத்தில் குழந்தையை இழக்கும் அபாயம் இது. ட்யூமர் லைசிஸ் சிண்ட்ரோம் என்று பெயர்.

ரத்தத்தில் பாஸ்பரஸை எளிதாக அளக்க ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகப் பின்வாங்க வைத்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவரும் ஒரே ஆள். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். மருத்துவம் படித்தது சென்னையில்.

மூன்றாவது முயற்சியில் பாஸ்

1895 ஜனவரி 12-ல், அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம். அப்பாவுக்கு வருவாய்த் துறையில் வேலை. உடல்நலம் கெட்டு சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், காசு குறைவு. பையனுக்குப் படிப்பிலும் பெரிய நாட்டம் இல்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று கிளம்பிவிட்டான். பாதி வழியில் பிடித்து இழுத்து வந்தார்கள்.

மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முறைதான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் மனசு போனது; துறவியாகப் போகிறேன் என்றார். அம்மா சம்மதிக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனார் ஆனவரும் கைகொடுத்தார்கள்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் உடுத்த ஆரம்பித்தவர், ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியோடு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் சுப்பாராவுக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். சென்னை அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார், நடக்கவில்லை.

இந்தக் காலத்தில் அவர் வீட்டில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்ப்ரூ என்று ஒரு நோய். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது, வயிற்றுப்போக்கு நிற்காது, ஆள் மெலிந்து, ரத்தம் வற்றிப் போவார். வெப்ப நாடுகளில் அன்று பரவலாக இருந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரையும் ஸ்ப்ரூ பிடித்தது. கற்ற ஆங்கில மருத்துவம் கைவிட்ட நிலையில், சென்னையில் இருந்த ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறியல் ஆசிரியராகவும் சேர்ந்தார்.

ஏன் பிழைத்தோம், தம்பிகளும் அண்ணன்களும் ஏன் சாகிறார்கள் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. ஸ்ப்ரூவில் குடல் உறிஞ்சத் தவறும் முக்கியமான பொருள்களில் ஒன்று ஃபோலிக் அமிலம். அந்தப் பெயரே அப்போது கிடையாது. சுமார் 25 வருஷம் கழித்து அதைப் பிரித்தெடுத்து, செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவின் தலைவராக இருந்தவர் சுப்பாராவ்தான்.

நீல நிறத்தில் ஒரு கணக்கு

1920-களின் தொடக்கத்தில், மாமனார் கொடுத்த பணம், காக்கிநாடாவின் ஒரு அறக்கட்டளை உதவி ஆகியவற்றோடு பாஸ்டன் போய் இறங்கினார். கர்ப்பிணி மனைவி ஊரில். பிறந்த ஆண் குழந்தை ஒரு வயதைத் தொடாமலேயே இறந்தது. அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. சில வருஷத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினார். கடைசி வரை திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் குறித்த டிப்ளமோவில் சேர்ந்தார். இந்திய மருத்துவச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. ராத்திரியில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்து நாட்களை ஓட்டினார். டிப்ளமோ முடிந்ததும் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார்.

அங்கே கொடுத்த வேலை: ரத்தம், சிறுநீர் இவற்றில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று துல்லியமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி.

முறை கேட்க எளிது. ரத்தத்தில் இருந்து புரதத்தை முதலில் நீக்க வேண்டும். மிச்சமுள்ள தெளிந்த திரவத்தில் மாலிப்டிக் அமிலம் சேர்த்தால், அது பாஸ்பேட்டோடு மட்டும் இணையும். பிறகு இன்னொரு வேதிப்பொருளை விட்டால் திரவம் நீலமாகும். பாஸ்பேட் அதிகம் என்றால் நீலம் அடர்த்தி. குறைவு என்றால் வெளிர் நீலம். தெரிந்த அளவு பாஸ்பேட் கலந்த மாதிரியோடு ஒப்பிட்டால் எண் வந்துவிடும். 1925-ல் இருவரும் இதை வெளியிட்டார்கள். உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் எல்லாரும் லேபில் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். இன்றைய ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பலவும் பாஸ்பேட் மாலிப்டேட்டோடு இணையும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

அளவுகோல் கையில் கிடைத்ததும் அதை வைத்து எதையாவது அளந்து பார்ப்பதுதானே வழக்கம். தசையை அளந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. நேரம் ஆக ஆக பாஸ்பேட்டின் அளவு கூடிக்கொண்டே போனது. அளப்பதில் தவறு என்று ஒதுக்கிவிடவில்லை. தசைக்குள் சீக்கிரம் உடைந்துபோகும் ஏதோ ஒரு பாஸ்பேட் சேர்மம் இருக்கிறது, நாம் அளக்கும்போதே அது உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று பிடித்தார்கள். அது பாஸ்போகிரியேட்டின், 1927. அடுத்து 1929-ல் ஏடிபி. ஒவ்வொரு செல்லும் சக்தியைக் கைமாற்றப் பயன்படுத்தும் சில்லறைக் காசு அது. ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகங்களில் அவர் பெயர்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். தசை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்ற விளக்கம் 1922-ல் நோபல் வரை போயிருந்தது. அது இதோடு ஆட்டம் கண்டது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மெட்டபாலைட் அப்படீன்னா என்ன? செல் சாப்பிடும்போது, எரிக்கும்போது, கட்டும்போது, கழிக்கும்போது உருவாகும் சின்னச் சின்ன மூலக்கூறுகள். சர்க்கரை, யூரிக் அமிலம், லாக்டிக் அமிலம், பாஸ்பேட், ஃபோலேட் எல்லாம் இந்த வகை. ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தே அங்கே என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அது மாதிரி. நோயைக் காட்டிக்கொடுக்கும் மெட்டபாலைட்டை மார்க்கர் என்கிறார்கள். 1930-களில் இந்தச் சொல் இவ்வளவு புழக்கத்தில் இல்லை. ஆனால் சுப்பாராவ் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

1930-ல் பிஎச்.டி. வாங்கினார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அதே துறையில் அந்த நாட்களில் ஆய்வு மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ்; 1988-ல் நோபல் பெற்றவர். ஃபிஸ்கேயின் பொறாமையால் சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் வெளியே வராமலே போய், பல வருஷம் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று ஹிட்சிங்ஸ் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். இவர் இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

ஈரலுக்குள் ஒரு வைட்டமின்

1940-ல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். சீக்கிரமே ஆய்வுப் பிரிவின் தலைவர். அடுத்த எட்டு வருஷத்தில் அங்கிருந்து வந்ததைப் பட்டியல் போட்டால் நம்ப முடியாது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் ஆன்டிபயாடிக்கான ஆரியோமைசின் அங்கே வந்தது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அங்கேதான். தமிழ்நாட்டில் யானைக்கால் ஒழிப்பு முகாம்களில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரை அதுதான். நம்மில் பலர் சுப்பாராவின் பெயர் தெரியாமலேயே அவருடைய மருந்தை விழுங்கியிருக்கிறோம்.

நமக்கு இங்கே முக்கியம் ஃபோலிக் அமிலம். 1930-களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளின் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டில் உள்ள ஏதோ ஒன்று அதைக் குணமாக்குகிறது என்று காட்டினார். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதுதான் தெரியவில்லை. ஈரலில் இருந்தது, கீரையில் இருந்தது. மிக மிகக் குறைந்த அளவில். லெடர்லேயில் அதைத் தேட ஒரு பாக்டீரியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி என்ற அந்தக் கிருமிக்கு ஃபோலிக் அமிலம் இல்லாமல் வளரவே தெரியாது. எந்தக் குழாயில் கிருமி செழிப்பாக வளர்கிறதோ அதில் சரக்கு இருக்கிறது. 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். விரிவான கட்டுரையில் 16 பேர் பெயர். அதில் ஒருவராக சுப்பாராவ். பின்னர் மருத்துவமனைகளில் ரத்தத்தில் ஃபோலேட் அளவு பார்க்க இதே கிருமியைத்தான் வெகுகாலம் பயன்படுத்தினார்கள்.

ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் பலன் தருகிறது என்பது 1940-களின் நடுவில் கியூபா, போர்ட்டோ ரிக்கோ பகுதிகளில் நடந்த சிகிச்சைகளில் தெரியவந்தது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பாஸ்டனில் 16 குழந்தைகள்

இப்போது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவோம். சிட்னி ஃபார்பர் அங்கே நோய்க்குறியியல் நிபுணர். கடும் லுகேமியா வந்த குழந்தை சில வாரம், மிஞ்சினால் சில மாதம் உயிரோடு இருக்கும் என்பதுதான் அன்றைய நிலை. டாக்டர்கள் ரத்தம் ஏற்றுவார்கள், வலியைக் குறைப்பார்கள். வேறு வழி இல்லை.

ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்கிறது; எலும்பு மஜ்ஜையை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. லுகேமியாவும் மஜ்ஜையில் வரும் நோய்தானே, அங்கேயும் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஃபார்பர் நினைத்தார். சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் போயின. விளைவு நேர்மாறாக இருந்தது. சில குழந்தைகளுக்கு நோய் முன்பைவிட வேகமெடுத்தது.

இது இன்றைக்குப் படித்தாலும் மனதைப் பிசையும் இடம். அந்தக் குழந்தைகள் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆனால் அந்தத் தோல்வி ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: புற்றுசெல்லுக்கு ஃபோலிக் அமிலம் தீனி. தீனி போட்டால் வளர்கிறது என்றால், தீனியை நிறுத்தினால்?

அதற்கான பொருளும் சுப்பாராவிடம் இருந்தது. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஓர் இடத்தில் மட்டும் சின்ன மாற்றம் செய்து அவருடைய வேதியியலாளர்கள் போலி ஃபோலிக் அமிலங்களைத் தயாரித்து வைத்திருந்தார்கள். கள்ளச்சாவி மாதிரி. செல்லுக்குள் ஃபோலேட்டை வேலைக்குத் தயார் செய்யும் என்சைமின் பூட்டுக்குள் நுழையும், திறக்காது, வெளியேயும் வராது. ஃபோலேட் இல்லாமல் புது டிஎன்ஏ எழுத முடியாது. டிஎன்ஏ இல்லாமல் செல் இரண்டாகப் பிரிய முடியாது. வேகமாகப் பெருகும் செல்தான் முதலில் பட்டினி கிடக்கும்.

அமினோப்டெரின் என்ற அந்த மருந்து 1947 கடைசியில் பாஸ்டன் போனது. மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. சாகப்போகும் குழந்தைகளை மேலும் படுத்துவானேன் என்பது பலரின் எண்ணம். 1948 ஜூன் 3-ல் முடிவுகள் வெளிவந்தன. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. வெள்ளணுக்கள் இறங்கின, வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து விளையாடினார்கள். நிரந்தரமாக இல்லை, சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் ஒரு மருந்தால் லுகேமியாவைப் பின்வாங்க வைக்க முடியும் என்பதை உலகம் அப்போதுதான் பார்த்தது.

சுமார் இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் மாதத்தில், சுப்பாராவ் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை இல்லை. இந்தியர்களுக்கு அதற்கு வழி திறந்ததே 1946-ல்தான். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது நூற்றாண்டான 1995-ல்.

இன்று ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

அமினோப்டெரினின் தம்பி மாதிரி அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்தது மெத்தோட்ரெக்ஸேட். பக்கவிளைவை ஓரளவு கணித்துச் சமாளிக்க முடிந்ததால் அதுவே நிலைத்தது. குழந்தைகளுக்கு வரும் ஏஎல்எல் வகை லுகேமியாவில், நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இப்போது சுமார் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் அந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பாஸ்பரஸோ, யூரிக் அமிலமோ, எல்டிஎச் என்ற என்சைமோ கொஞ்சம் கூடியிருந்தால் ரத்தப் புற்றுநோய் என்று கூகுள் பண்ணிப் பயப்பட வேண்டாம். இவை கூட நூறு காரணங்கள் உண்டு. நோயைக் கண்டுபிடிப்பது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மைக்ராஸ்கோப்பில் ஸ்மியர், எலும்பு மஜ்ஜை, ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனைகள் ஆகியவற்றால்தான். மெட்டபாலைட்டுகளுக்கு இப்போதைக்குப் பெரிய வேலை, கண்டுபிடித்த பிறகு கண்காணிப்பதில்.

ஒரு விதிவிலக்கு சுவாரஸ்யமானது. ஏஎம்எல் என்ற வேறு வகை லுகேமியாவில் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமாக ஐடிஎச் மரபணுவில் மாற்றம் இருக்கும். அந்தச் செல்கள் 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற பொருளை ஏராளமாகத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. சாதாரண ரத்தத்தில் இது துளிதான். 2010-ல் இது தெரியவந்ததும், ரத்தத்தில் இதை அளந்தே நோயின் போக்கைத் தொடரலாமா என்ற ஆய்வுகள் தொடங்கின. அந்தப் பழுதான என்சைமைத் தடுக்கும் மருந்துகளுக்கு 2017, 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த மருந்தால் இந்தப் பொருள் இறங்கியவர்கள் எல்லாருக்கும் நோய் இறங்கிவிடவில்லை. மார்க்கர் வேறு, நோய் வேறு என்று டாக்டர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஏஎல்எல் குழந்தைகளுக்கு நோய் மறைந்த பிறகும் மொத்த சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும். அதன் பெரும்பகுதி வீட்டிலேயே மாத்திரைதான். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 6-மெர்காப்டோப்யூரின் என்ற இன்னொரு மாத்திரை. இரண்டாவதை உருவாக்கியது கெர்ட்ரூட் எலியனும், நாம் ஏற்கெனவே பார்த்த ஹிட்சிங்ஸும். மாத்திரையை அடிக்கடி தவறவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். குழந்தை உண்மையில் விழுங்குகிறதா, விழுங்கினாலும் உடம்பு அதை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, சிவப்பணுக்களுக்குள் அந்த மருந்தின் மெட்டபாலைட்டான தியோகுவானின் நியூக்ளியோடைடை அளக்கும் சோதனை இருக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட்டை சில கட்டங்களில் மிக அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அப்படியே விட்டால் நல்ல செல்களும் செத்துப்போகும். அதனால் 24 மணி, 48 மணி, 72 மணி நேரம் என்று ரத்தம் எடுத்து மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். கூடவே லூகோவோரின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அது ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். கள்ளச்சாவி அடைத்த பூட்டைச் சுற்றிக்கொண்டு செல்லுக்குள் நேராகப் போய்ச் சேரும். ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் குறித்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று லேபில் இருந்து எண் வரும் வரை அதை நிறுத்துவதில்லை.